சுவருக்குள் இருந்த கம்பி: கேபிளும் இணைய ஒளிபரப்பும் அருகருகே ஓடிய 90 நாட்கள்

பின் அறைத் தொலைக்காட்சியில் படம் திடீரெனக் கட்டம் கட்டமாகச் சிதறி, ஒலி விக்கி, சில நொடிகள் திரை கறுத்துவிடுவது எங்கள் வீட்டில் பல மாதங்களாக நடந்துகொண்டிருந்தது. கேபிளை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது மகளின் கட்சி. அந்தக் கேபிள் பெட்டி போய்விட்டால் தனக்கு எதையும் போட்டுப் பார்க்கத் தெரியாமல் போய்விடும் என்பது அம்மாவின் கட்சி. பேசித் தீராத இந்த வழக்கைச் செய்து பார்த்தே தீர்த்துக்கொள்வது என்று முடிவெடுத்து, 90 நாட்களுக்கு இரண்டு ஏற்பாடுகளையும் அருகருகே ஓடவிட்டேன். விதி ஒன்றே ஒன்றுதான்: எதையும் முதலில் இணையத்தின் வழியே பார்க்க முயல வேண்டும்; அது முடியாமலோ பிடிக்காமலோ கேபிள் பெட்டியை யார் இயக்கினாலும், பெட்டியின் மேல் வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தில் தேதியையும் காரணத்தையும் ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்.

பழைய இணைப்புக்கும் ஒரு நியாயம்

பழுதான கேபிளை நல்ல இணையத்தோடு ஒப்பிட்டால் தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டதாகிவிடும் ஆகையால், முதல் வேலையாகக் கேபிள் பக்கத்தைச் சரிசெய்தேன். வெளியிலிருந்து வரும் கோஆக்சியல் கம்பி (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றிக் காப்பும் உலோகப் பின்னலும் உள்ள கேபிள்) வாசல் கதவுக்கு மேலே உள்ள ஒரு சிறு பெட்டிக்குள் நுழைந்து, அங்கே நான்கு வழி ஸ்ப்ளிட்டர் ஒன்றில் பிரிந்து, இரண்டு அறைகளுக்குப் போகிறது. மீதமிருந்த இரண்டு வாய்களும் எதுவும் செருகப்படாமல் திறந்தே கிடந்தன. நான்கு வழி ஸ்ப்ளிட்டரில் ஒவ்வொரு வாயிலும் ஏறத்தாழ 7 டெசிபல் இழப்பு உண்டு. அதாவது உள்ளே வரும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குதான் ஒவ்வொரு தொலைக்காட்சிக்கும் போய்ச் சேரும். இரண்டே தொலைக்காட்சிகள் உள்ள வீட்டுக்கு இரு வழி ஸ்ப்ளிட்டர் போதும். அதில் இழப்பு 3.5 டெசிபல் அளவில் நின்றுவிடும். திறந்த வாய்களை 75 ஓம் டெர்மினேட்டரால் மூடாமல் விட்டால், அங்கே போய் முட்டும் சிக்னல் திரும்பி வந்து மற்றக் கம்பிகளில் கலந்து தொல்லை தரும். மேசை இழுப்பறையில் எப்போதோ வாங்கிவைத்த இரு வழி ஸ்ப்ளிட்டர் ஒன்று கிடைத்தது, அதை மாட்டினேன். அதன் முதுகில் '5–1000 மெகாஹெர்ட்ஸ்' என்று பொறித்திருந்ததை அன்று பார்த்தும் பொருட்படுத்தவில்லை. அதற்கான தண்டனை மூன்று வாரம் கழித்து வந்தது.

ஸ்ப்ளிட்டரை மாற்றிய பிறகும் பின் அறையில் படம் உடைந்தது. அந்த அறைக்குப் போகும் கம்பியின் நுனியில் உள்ள திருகு முனையை, அதாவது எஃப் கனெக்டரைக் கழற்றி, கைபேசி விளக்கை அருகே பிடித்துப் பார்த்தபோதுதான் உண்மையான குற்றவாளி தென்பட்டது. கம்பியின் வெளிப் பின்னலிலிருந்து பிரிந்த ஒரே ஒரு இழை, தலைமுடியைவிட மெல்லியது, உள்ளே வளைந்து நடுக்கம்பியைத் தொட்டும் தொடாமலும் நின்றுகொண்டிருந்தது. அறைக் கதவை அறைந்து சாத்தும்போதெல்லாம் படம் சிதறியதன் மர்மமும் அத்துடன் விலகியது. நுனியை வெட்டியெறிந்துவிட்டுப் புதிதாகச் சீவி, புதிய கனெக்டரை அழுத்தினேன். செய்து பார்க்க நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: வெள்ளைக் காப்பு கனெக்டரின் உள் தளத்தோடு சமமாக நிற்க வேண்டும், நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பைத் தாண்டி 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டுமே நீள வேண்டும், பின்னல் இழைகள் அத்தனையும் பின்னோக்கி மடிந்திருக்க வேண்டும், ஒன்றுகூட முன்னால் எட்டிப் பார்க்கக் கூடாது. எஃப் கனெக்டருக்கென்று தனி ஊசி கிடையாது, கம்பியின் நடு உலோகமே ஊசியாக வேலை செய்கிறது. ஆகவே சீவும் கத்தி அதன் மேல் கீறிவிட்டால் அந்த நுனியை விட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவதே நல்லது.

அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளிகள் மெல்ல மெல்லக் கூடும். பார்ப்பவருக்கு முன்னறிவிப்பு கிடைக்கும். டிஜிட்டல் கேபிளில் அது கிடையாது. கேபிள் சிக்னலில் தரவை ஏற்றும் 256 க்யூஏஎம் முறையில் ஒவ்வொரு குறியீட்டிலும் 8 பிட்டுகள் ஏற்றப்படுவதால், வந்தது 256 நிலைகளில் எது என்பதைப் பெட்டி துல்லியமாகப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. பிழைதிருத்தம் தாங்கும் எல்லை வரை படம் பளிங்குபோல் இருக்கும். எல்லையைத் தாண்டிய மறுகணமே சிதறும். இதனால்தான் 'நேற்று வரை நன்றாக இருந்தது' என்று எல்லா வீடுகளிலும் சொல்லப்படுகிறது. நேற்றும் அது விளிம்பில்தான் நின்றுகொண்டிருந்திருக்கும்.

முக்கால் மணி நேரத்தில் பின் அறைப் படம் சீரானது. 90 நாட்களில் மறுபடி ஒருமுறையும் உடையவில்லை. கேபிள் ஒழிய வேண்டும் என்பதற்கு மகள் காட்டிய முதல் சான்று, யாரோ அவசரத்தில் சீவிய ஒரு நுனியாக முடிந்தது.

பெட்டி வாங்கியதில் செய்த பிழை

இணையத்தின் தரப்பில் கணக்கு எளிமையாகவே தோன்றியது. நெட்ஃப்ளிக்ஸ் தன் பார்வையாளர்களுக்குச் சொல்லும் அளவு 1080 வரித் தெளிவுக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கே தெளிவுக்கு 15 மெகாபிட். எங்கள் ஃபைபர் இணைப்பில் பதிவிறக்க வேகம் 100 மெகாபிட் என்பதால் இரண்டு தொலைக்காட்சிகளுக்கும் தாராளம். பார்க்க வேண்டிய இன்னொரு எண், மாதத் தரவு அளவு. நொடிக்கு 5 மெகாபிட் என்றால் மணிக்கு 2.25 ஜிகாபைட், இரண்டு தொலைக்காட்சிகள் நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடினால் 30 நாளில் 540 ஜிகாபைட். கேபிளில் தொலைக்காட்சியை அணைக்க மறந்து தூங்கிப்போனால் ஒரு நட்டமும் இல்லை; இங்கே மறதிக்கும் மீட்டர் ஓடும். மாத வரம்புள்ள இணைப்பை வைத்திருப்பவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேபிளின் மேல் கை வைக்க வேண்டும்.

இரண்டு தொலைக்காட்சிகளிலும் செயலிகள் உள்ளேயே இருந்தன என்றாலும், பழையதில் பாதிச் செயலிகள் புதுப்பிப்பு நின்றுபோய்த் திறக்க மறுத்தன. திரையின் ஆயுள் வேறு, அதற்குள் இருக்கும் மென்பொருளின் ஆயுள் வேறு என்பதால், தனியாக ஓர் இணையப் பெட்டியைச் செருகிக்கொள்வதே புத்திசாலித்தனம். நான் முதலில் வாங்கிய பெட்டி, பெயர் தெரியாத தயாரிப்பு. வேகச் சோதனையில் 80 மெகாபிட் காட்டியது, ஆனால் கட்டணச் சேவைகளில் படம் கண்ணாடியில் ஆவி படிந்தாற்போல மங்கலாகவே வந்தது. இரண்டு நாட்கள் வைஃபையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெட்டியின் அமைப்புகளுக்குள் நுழைந்து உரிமப் பாதுகாப்பு நிலையைப் பார்த்தபோது வைட்வைன் (படங்களைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் பூட்டு) எல்3 என்று இருந்தது. எல்1 நிலையில் மறைகுறியை அவிழ்க்கும் வேலை வன்பொருளின் பாதுகாப்பான பகுதிக்குள் நடக்கும். எல்3-இல் அது வெறும் மென்பொருளில் நடப்பதால், பெரும்பாலான கட்டணச் சேவைகள் அத்தகைய பெட்டிக்கு 480 வரி அளவிலான படத்தைத்தான் அனுப்பும். எவ்வளவு வேகமான இணைப்பு இருந்தாலும் அந்தக் கதவு திறக்காது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எல்1 சான்று உள்ளவற்றில் இரண்டு வாங்கினேன்.

படம் தெளிந்ததும் இன்னொரு சிறு குறை தெரிந்தது: நொடிக்கு 50 சட்டங்களில் (ஃபிரேம்களில்) எடுக்கப்பட்ட நேரலைகளில், திரையின் அடியில் ஓடும் செய்தி வரி லேசாகத் தடுக்கித் தடுக்கி ஓடியது. பெட்டி 60 ஹெர்ட்ஸில் நிலையாக நின்றதே காரணம். சட்ட வேகத்தைப் படத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் விருப்பத்தை இயக்கியதும் அது நின்றது. இத்தகைய விருப்பங்கள் பெரும்பாலும் மூன்றாவது உள்பட்டியலில் அணைந்தே கிடக்கின்றன.

பின் அறை

முன் அறையில் ரவுட்டர் பக்கத்திலேயே இருப்பதால் எந்தச் சிக்கலும் இல்லை. பின் அறைக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர்கள். அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் அலை போய்ச் சேரும்போது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டினாலும், அக்கம்பக்கத்து வீடுகளின் ரவுட்டர்கள் எல்லாம் அதே இடத்தில் கூட்டம் போட்டிருந்தன. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் நிற்கக்கூடிய தடங்கள் 1, 6, 11 என மூன்றே. ரவுட்டர் தானாகத் தேர்ந்தெடுத்திருந்த 4ஆம் தடம் இரண்டு பக்கத்து இரைச்சலையும் வாங்கிக்கொண்டிருந்தது. 11க்கு மாற்றினேன். பிறகு, தொலைக்காட்சியின் உலோக முதுகில் நேராகச் செருகியிருந்த பெட்டியை ஒரு சாண் நீள எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கம்பியால் பக்கவாட்டுக்கு வெளியே எடுத்துத் தொங்கவிட்டேன். இந்த இரண்டாவது மாற்றம்தான் அதிகப் பலன் தந்தது: 9 மெகாபிட்டாக இருந்த வேகம் 22 ஆனது. கருவிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் நாமே ஓர் உலோகத் தகட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு வைஃபையைத் திட்டுகிறோம்.

22 மெகாபிட் போதும்தான். ஆனால் அது நிலையாக இல்லை. மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது அது 3க்கு இறங்கும், ஏனென்றால் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அருகிலேயே வேலை செய்கிறது. லேன் கம்பி இழுக்கலாம் என்றால் சுவரை உடைக்க வேண்டும். இப்படி யோசித்துக்கொண்டே பின் அறைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் குனிந்திருந்தபோதுதான், சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த கேபிள் கம்பி கண்ணில் பட்டது. மூன்று வாரத்துக்கு முன் நானே சீவிய கம்பி.

கோஆக்சியல் கம்பியில் வீட்டு வலையமைப்பை ஓட்டும் முறைக்கு மோகா என்று பெயர். கேபிள் தொலைக்காட்சி சுமார் 1000 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துகிறது. மோகா அதற்கு மேலே 1125 முதல் 1675 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது. ஒரே கம்பியில் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் போகலாம். ரவுட்டரின் அருகே ஓர் அடாப்டர், பின் அறையில் ஓர் அடாப்டர் என இரண்டை மாட்டினேன். விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது; வேகம் 60 மெகாபிட்டுக்கும் 200க்கும் இடையே ஊஞ்சலாடியது. கதவுக்கு மேலுள்ள பெட்டியைத் திறந்து பார்த்தபோது, '5–1000 மெகாஹெர்ட்ஸ்' என்ற எழுத்து என்னைப் பார்த்துச் சிரித்தது. 1000க்கு மேல் அந்த ஸ்ப்ளிட்டர் எதற்கும் உத்தரவாதம் தரவில்லை. மோகா ஓடுவதோ முழுக்க முழுக்க அதற்கு மேலே. 1675 வரை தாங்கும் ஸ்ப்ளிட்டரை வாங்கி, ஒரே ஸ்ப்ளிட்டர் வேலையை இரண்டாம் முறையாகச் செய்தேன். கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மோகா ஃபில்டர் ஒன்றையும் திருகினேன். நம் வீட்டு வலையமைப்பு கம்பி வழியே பக்கத்து வீட்டுக்குக் கசியாமல் அது தடுக்கும். வெளியே போக முயலும் அலையை உள்ளே திருப்பிவிடுவதால் உள் இணைப்பும் கொஞ்சம் வலுக்கும்.

அதன் பிறகு கணினியை வைத்து அளந்தபோது 900 மெகாபிட்டுக்கு மேல் நிலையாக நின்றது. தொலைக்காட்சிப் பெட்டியின் ஈதர்நெட் வாய் 100 மெகாபிட் வகை என்பதால் அதில் 94தான் வரும். அது போதும், அடுப்பு ஓடினாலும் அது அசையாது. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் உண்டு. டிஷ் ஆன்டெனாவின் கம்பியில் இதைச் செய்ய முடியாது, ஏனெனில் டிஷ்ஷிலிருந்து இறங்கும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை அதே இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கும். கேபிள் மோடம் வழியே இணையம் வருகிற வீட்டில், அந்த மோடம் டாக்சிஸ் (கேபிள் கம்பியில் இணையத்தை அனுப்பும் தரநிலை) 3.1 வகையாக இருந்தால் அதன் மேல் எல்லை 1218 மெகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடும். அங்கே மோகா தொடங்கும் இடத்தோடு உரசும்.

கேபிளை ஒழிக்க வந்த இணையம் கேபிளின் கம்பியிலேயே ஏறிக்கொண்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது என்றாலும், யோசித்தால் இது புதிதல்ல. 1948இல் அமெரிக்காவின் மலைப்பாங்கான ஊர்களில் கேபிள் தொலைக்காட்சி தோன்றியதே, ஆன்டெனாவுக்கு எட்டாத சிக்னலை உயரத்தில் பிடித்துக் கம்பியில் இறக்குவதற்காகத்தான். தனக்கென்று நிகழ்ச்சியே இல்லாத வெறும் கம்பி அது. 1972இல் எச்பிஓ வந்து கட்டணச் சேனல் என்பது அந்தக் கம்பியில் ஏறியது. 1997இல் டாக்சிஸ் தரநிலை வந்து இணையமும் ஏறியது. கம்பிக்கும் அதில் ஓடும் வியாபாரத்துக்கும் உள்ள உறவு இதற்கு முன்பும் மாறியிருக்கிறது.

இரவு ஒன்பது மணி

ஐந்தாவது வாரத்திலிருந்து புதிய தொல்லை. தினமும் இரவு ஒன்பது மணி சுமாருக்கு இரண்டு தொலைக்காட்சிகளும் ஒரே நேரத்தில் நின்று, வட்டம் சுற்றத் தொடங்கும். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும். இணைய நிறுவனத்தின் தொலைபேசி எண்ணில் 'மாலை நெரிசல்' என்ற பதில் கிடைத்தது. அந்தப் பதிலை நம்பியிருந்தால் கேபிளுக்கே திரும்பியிருப்பேன்.

ஒரு சிறு தகவல் போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தை அளக்கும் பிங்கை மடிக்கணினியில் ஓடவிட்டுக் காத்திருந்தேன். 8.55க்கு 12 மில்லிநொடி. 9.03க்கு 640. 9.05க்கு 900. அதே நேரத்தில் பதிவிறக்கத்தில் நெரிசல் எதுவும் இல்லை. ரவுட்டரின் வரைபடத்தில் பதிவேற்றக் கோடு மட்டும் கூரையைத் தொட்டபடி நேராக நின்றது. எங்கள் இணைப்பில் பதிவேற்ற வேகம் 10 மெகாபிட்தான். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்துக் கைபேசிகளைச் சார்ஜில் போடும் நேரம் அது. சார்ஜும் வைஃபையும் சேர்ந்தவுடன் நான்கு கைபேசிகளும் அன்றைய படங்களையும் வீடியோக்களையும் மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கியிருந்தன. வீடியோத் துண்டு ஒன்று வந்து சேர்ந்ததற்கான ஒப்புகையும், அடுத்த துண்டுக்கான கோரிக்கையும் அதே பதிவேற்றப் பாதையில்தான் போக வேண்டும். ரவுட்டரின் நினைவகத்தில் நூற்றுக்கணக்கான படத் தரவுப் பொட்டலங்களுக்குப் பின்னால் அந்தச் சின்ன ஒப்புகை வரிசையில் நின்றால், பதிவிறக்கப் பாதை காலியாக இருந்தும் வீடியோ வராது. அளவுக்கு மீறிய வரிசையால் வரும் இந்த நோய்க்கு பஃபர்புளோட் என்று பெயர்.

மருந்து, ரவுட்டரில் வரிசை மேலாண்மையை இயக்குவது. பல ரவுட்டர்களில் இது 'ஸ்மார்ட் க்யூ' அல்லது 'எஸ்க்யூஎம்' என்ற பெயரில் இருக்கும். உள்ளே வேலை செய்வது பெரும்பாலும், 2018இல் இணையத் தரநிலை ஆவணமாக வெளியான எஃப்க்யூ கோடெல் என்னும் முறை. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனி வரிசை கொடுத்து, யார் வரிசை நீள்கிறதோ அவருடைய பொட்டலத்தைக் கைவிட்டு அவரை மெதுவாக்கும். வேகத்தை 10 மெகாபிட் என்று கொடுக்காமல் 9 என்று கொடுத்தேன். வரிசை நிறுவனத்தின் கருவிக்குள் உருவாகாமல் நம் ரவுட்டருக்குள்ளேயே உருவானால்தான் அதை நம்மால் ஆள முடியும் என்பதால், கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். அன்றிரவு 9.05க்குப் பிங் 19 மில்லிநொடி. படங்கள் ஏறிக்கொண்டே இருந்தன, தொலைக்காட்சி நிற்கவில்லை.

இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு இரவுகள் பிடித்தன. கேபிளில் இத்தகைய பழுது நேரவே நேராது. அதில் வீட்டிலிருந்து எந்த ஒப்புகையும் போக வேண்டியதில்லை, கைபேசிகள் என்ன செய்கின்றன என்பதும் அதற்குத் தெரியாது. இரண்டுக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடாக எனக்குப் பட்டது இதுதான். கேபிளில் சிக்னலை வீட்டு வாசல் வரை ஒழுங்காகக் கொண்டுவருவது வேறொருவரின் பொறுப்பு, வாசலுக்குப் பிறகு இருப்பது ஒரு கம்பியும் இரண்டு கனெக்டரும் மட்டுமே. இணையத்தில் வாசல் வரை வருவது எளிதாகிவிட்டது. வாசலுக்குப் பிந்திய பத்து மீட்டர், வைஃபை, ரவுட்டர், உரிமச் சான்று, மென்பொருள் புதுப்பிப்பு எல்லாம் சேர்ந்து, வீட்டில் இருக்கும் யாராவது ஒருவரின் தலையில் விழுகிறது. அந்த ஒருவர் இல்லாத வீட்டில் மாற்றம் எப்படி நடக்கும் என்பதை யோசிக்க வேண்டும்.

நோட்டுப் புத்தகம்

90 நாட்களில் 38 வரிகள் சேர்ந்திருந்தன. அவற்றில் 19 வரிகள் விளையாட்டு நேரலை. முதல் வரியே மகளின் கையெழுத்து: 'பக்கத்து வீட்டில் கத்துகிறார்கள், எங்களுக்கு இன்னும் பந்தே போடவில்லை.' எவ்வளவு பிந்துகிறது என்று அளந்து பார்த்தேன். கேபிளில் ஆட்டத்தை ஓடவிட்டு, பக்கத்திலேயே அதே ஆட்டத்தின் இணைய நேரலையை வைத்துக்கொண்டு, நிறுத்துக் கடிகாரத்தால் பிடித்தேன்: 34 நொடி. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆப்பிள் 2009இல் அறிமுகப்படுத்திய எச்எல்எஸ் போன்ற முறைகளில் நேரலை, சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டே வருகிறது. துண்டு 6 நொடி என்று வைத்துக்கொண்டால், பார்க்கும் கருவி கடைசி மூன்று துண்டுகளுக்குப் பின்னால் நின்றுதான் தொடங்க வேண்டும் என்பது அதன் ஒழுங்கு. அங்கேயே 18 நொடி போய்விட்டது. குறியேற்றமும் விநியோகமும் மீதியை விழுங்குகின்றன. துண்டைப் பொடியாக நறுக்கித் தாமதத்தைக் குறைக்கும் முறைகள் வந்துவிட்டன, எல்லாச் சேவைகளும் அவற்றைப் பின்பற்றுவதில்லை.

கூட்டம் தாங்குமா என்ற பழைய சந்தேகம் மட்டும் தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். கேபிளில் ஆயிரம் வீடுகள் பார்த்தாலும் கம்பியில் ஓடுவது ஒரே சிக்னல். இணைய ஒளிபரப்பில் ஆயிரம் பேருக்கு ஆயிரம் தனித்தனி ஓட்டங்கள். அப்படியிருந்தும் 2023 நவம்பர் 19 அன்று நடந்த உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதிப் போட்டியை டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். இனி எஞ்சியிருப்பது அந்த அரை நிமிடம்தான். தனியாகப் பார்ப்பவருக்கு அது ஒன்றுமே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆரவாரம் கேட்கிறவருக்கு ஆட்டமே போய்விடுகிறது.

இணையம் அறுந்துபோனது, ரவுட்டர் மறுதொடக்கம் ஆனது என்று 6 வரிகள். மின்சாரம் ஒரு கணம் கண் சிமிட்டினால் தொலைக்காட்சி பத்து நொடியில் எழுந்துவிடும், ரவுட்டரும் ஃபைபர் மோடமும் எழுந்து ஒன்றையொன்று கண்டுபிடிக்க மூன்று நிமிடம் ஆகும். இரண்டுக்கும் சேர்த்து 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்றை மாட்டியதும் இந்த வகை வரிகள் நின்றுபோயின. 4 வரிகள் பலவகை.

மீதி 9 வரிகள் அம்மாவுடையவை. எல்லாமே முதல் 40 நாட்களுக்குள். 'அலுப்பு' என்று ஒரு வரி. 'எங்கே போகிறதென்றே தெரியவில்லை' என்று ஒரு வரி. விரும்பியதைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாமே என்று நான் விளக்க முயன்றபோது, அம்மா கேட்டார்: "எது வேணும்னு தெரிஞ்சா நான் ஏம்ப்பா டிவி முன்னாடி வந்து உட்காரப்போறேன்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கேபிளில் தொலைக்காட்சியைப் போட்டால் ஏதோ ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். பிடிக்காவிட்டால் ஓர் எண்ணை அழுத்தினால் போதும். இணையப் பெட்டியோ ஒவ்வொரு முறையும் தேர்வுத்தாளைக் கையில் கொடுத்து உட்காரவைக்கிறது. முகப்புத் திரையில் மூன்று சின்னங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நீக்கினேன். தானாக ஓடத் தொடங்கும் முன்னோட்டங்களை அணைத்தேன். எச்டிஎம்ஐ வழியே கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் சிஇசி வசதியை இயக்கி, இரண்டு ரிமோட்டுகளை ஒன்றாக்கினேன். பெட்டி விழித்ததும் நேரலைச் சேனல்களின் செயலி தானாகத் திறக்கும்படி வைத்து, அதில் அம்மா பார்க்கும் ஏழு சேனல்களை மட்டும் பிடித்தவை பட்டியலில், கேபிளில் அவர் பழகிய அதே வரிசையில் அடுக்கினேன். அந்த வரிசையைத் தாளில் எழுதி ரிமோட்டின் முதுகில் ஒட்டினேன். 41ஆம் நாளுக்குப் பிறகு நோட்டில் அவருடைய கையெழுத்து இல்லை. அதை வெற்றி என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது; இணையத்தைக் கேபிள்போல நடிக்கவைத்த பிறகுதான் அவர் ஏற்றுக்கொண்டார்.

அமெரிக்காவில் நீல்சன் நிறுவனம் வெளியிடும் கணக்கில், 2022 ஜூலையில் முதன்முதலாகத் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில் இணைய ஒளிபரப்பின் பங்கு 34.8 சதவீதமாகி, கேபிளின் 34.4ஐத் தாண்டியது. 2025 மே மாதத்தில் அது 44.8ஐத் தொட்டு, கேபிளையும் வான்வழி ஒளிபரப்பையும் சேர்த்த கூட்டுத்தொகையையே முந்தியது. நெட்ஃப்ளிக்ஸ் தன் இணைய ஒளிபரப்பைத் தொடங்கியது 2007இல் என்பதை நினைத்தால் இது வேகமான மாற்றமே. எங்கள் வீட்டிலும் நிமிடக் கணக்கில் பார்த்தால் கேபிள் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் அந்த 38 வரிகளில் பாதி, வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்த மாலைகளைப் பற்றியவை. சதவீதத்தில் அவை தெரிவதில்லை.

91ஆம் நாள், பின் அறைக் கேபிள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கத் தகவல் சொன்னேன். முன் அறைப் பெட்டியை நேரலை ஆட்டங்களுக்காக இந்தப் பருவம் முடியும் வரை வைத்துக்கொள்வதாக வீட்டில் உடன்பாடு; அதற்குள் தாமதம் பத்து நொடிக்குள் வந்துவிட்டால் அதையும் கொடுத்துவிடுவோம். பெட்டியை எடுக்க வந்த இளைஞர், ரசீதில் கையெழுத்து வாங்கிய கையோடு, ஏணியில் ஏறிக் கதவுக்கு மேலுள்ள பெட்டியைத் திறந்து, பழக்கத்தில் பின் அறைக் கம்பியை வெட்டுவதற்குக் கட்டரை எடுத்தார். "தம்பி, அதை வெட்டாதீங்க, அதிலதான் இன்டர்நெட் ஓடுது" என்றேன். அவர் கம்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கினார். அவர் போனதும் ஒரு துண்டு வெள்ளை டேப்பைக் கிழித்து, 'மோகா – வெட்ட வேண்டாம்' என்று எழுதி, ஸ்ப்ளிட்டரிலிருந்து நான்கு விரல் தள்ளி அந்தக் கம்பியில் சுற்றிவிட்டு, பெட்டியின் மூடியைச் சாத்தினேன்.